வாசகர் கேள்வி – பதில்: எரிமலைகளைத் தாண்டிப் பறந்த விண்கலம்

சென்ற இதழில் பழைய ரீவி கேம் பெட்டிகளைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்த சிறு கேள்விக்கு நான்கு வரிகளில் விடை எழுதியிருந்தேன். அதன் பிறகு திருகோணமலையின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஒன்றுக்கொன்று தெரியாமலே, ஒரே விளையாட்டைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. ஆகவே இம்மாதப் பகுதியை முழுமையாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். இந்நகரில் நீண்ட காலம் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் தொழிலில் இருந்தவன் என்ற முறையிலும், அந்த விளையாட்டின் மீது இன்றும் தீராத விருப்பம் உடையவன் என்ற முறையிலும் இப்பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி (உவர்மலை வாசகர்): 1990களின் நடுப்பகுதியில் எங்கள் வீட்டில் ஒரு ரீவி கேம் பெட்டி இருந்தது. அதனோடு வந்த கசற்றில் வலப்புறமாகப் பறந்து செல்லும் ஒரு விண்கல விளையாட்டு உண்டு. சிறிது தூரம் சென்றதும் இரண்டு மலைகள் கற்களை உமிழும். திரையின் அடியில் ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டை ஒன்று இருக்கும். அதன் பெயர் என்ன, அதை யார் செய்தார்கள்?

பதில்: நீங்கள் கூறும் அடையாளங்கள் அனைத்தும் கிரேடியஸ் என்ற விளையாட்டுக்கு உரியவை. யப்பானின் கொனாமி நிறுவனம் 1985ஆம் ஆண்டு அதனை முதலில் ஆர்கேட் இயந்திரமாக, அதாவது நாணயம் இட்டு நின்றபடி விளையாடும் பெரிய பெட்டியாக வெளியிட்டது. ஐரோப்பாவில் அதற்கு நெமிசிஸ் என்று பெயர். மச்சிகுச்சி ஹிரோயாசு என்பவரின் தலைமையில் ஓர் இளம் குழு, 1981இல் வெளிவந்த ஸ்கிரம்பிள் என்ற கொனாமியின் பழைய விளையாட்டுக்குத் தொடர்ச்சி செய்யும் எண்ணத்தோடு தொடங்கி, முடிவில் முற்றிலும் புதியதொன்றைப் படைத்தது. நின்ரெண்டோவின் பெமிகொம் என்ற வீட்டுக் கருவிக்கான பதிப்பு 1986 ஏப்ரலில் வந்தது. விண்கலத்தின் பெயர் விக் வைப்பர். கற்களை உமிழும் மலைகள் முதற் கட்டத்தின் முடிவில் வருபவை.

உங்கள் வீட்டில் இருந்த பெட்டி பெரும்பாலும் பெமிகொமின் நகலாகவே இருந்திருக்கும். அத்தகைய பெட்டிகளைத் திறந்து பார்த்தால், உண்மைக் கருவியில் தனித்தனியாக இருக்க வேண்டிய சிப்புகளுக்குப் பதிலாக, கறுப்புப் பசையால் மூடிய ஒரு பொட்டு மட்டுமே காணப்படும். முழுக் கருவியும் அந்தப் பொட்டுக்குள் அடங்கியிருந்தது. கசற்றின் அட்டையில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவை சில மட்டுமே, மற்றவை அவற்றின் வேறு கட்டங்களிலிருந்து தொடங்கும் மறுபதிவுகள். பட்டியலில் பெயர்களைச் சுருக்கியும் மாற்றியும் எழுதிவிடுவதால், ஆண்டுக்கணக்கில் விளையாடியவர்கள்கூட அந்த விளையாட்டின் உண்மைப் பெயரை அறியாமல் போனதில் வியப்பில்லை.

கேள்வி (கிண்ணியா வாசகி): அந்த அடிப்பட்டை எப்படி வேலை செய்தது என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. என் நானா விளையாடும்போது ஆயுதம் நிறையச் சேரும். நான் விளையாடினால் ஒன்றும் சேராது. அதில் ஒரு கேள்விக்குறியும் இருந்ததாக நினைவு.

பதில்: கிரேடியஸை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தப் பட்டைதான் என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அக்காலத்து விண்கல விளையாட்டுகள் பலவற்றில் ஆயுதம் என்பது வழியில் கிடக்கும் பொருள். தொட்டால் அது உடனே உங்களுடையது. கிரேடியஸில் அப்படியல்ல. குறிப்பிட்ட எதிரிகளை அழித்தால் கிடைக்கும் கப்சூல் தன்னளவில் ஆயுதமே அல்ல. அது பட்டையிலுள்ள ஒளியை ஒரு கட்டம் நகர்த்தும், அவ்வளவுதான். முதற் கப்சூல் எடுத்தால் வேகம், இரண்டாவதற்கு ஏவுகணை, மூன்றாவதற்கு இரட்டைச் சூடு, நான்காவதற்கு லேசர், ஐந்தாவதற்கு ஒப்ஷன், ஆறாவதற்கு நீங்கள் குறிப்பிடும் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி வேறொன்றுமில்லை, விண்கலத்தின் முன்னால் நின்று அடி தாங்கும் கவசம். ஒளி எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ, அப்போது அதற்குரிய பொத்தானை அழுத்தினால் அந்த ஆயுதம் கிடைக்கும். பட்டை மீண்டும் வெறுமையாகிவிடும். அழுத்தாமல் விட்டால் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் கப்சூல்களைச் சேர்த்தும் ஆயுதம் வராமற் போனதற்கு அந்த இரண்டாவது பொத்தானை அழுத்தாததே காரணமாக இருக்க வேண்டும்.

சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். முதல் மாதமே எடுத்துவிடுவதா, பொறுத்திருந்து பெரிய தொகையாக எடுப்பதா என்ற அதே தடுமாற்றம் இங்கேயும் உண்டு. ஒவ்வொரு கப்சூலுக்கும் வேகத்தையே வாங்கிக்கொண்டிருந்தால் கலம் கட்டுக்கடங்காமல் பாய்ந்து பாறையில் மோதும். லேசருக்காகப் பொறுத்திருந்தால், அது கைக்கு வரும்வரை மெதுவான கலத்தோடும் ஒற்றைக் குண்டோடும் உயிரைக் காக்க வேண்டும். இரட்டைச் சூட்டையும் லேசரையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். ஆகவே எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணின் ஒரு மூலையால் பட்டையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் தொழில் பழகிய கடையில், திருத்தி முடித்த ரீவிகளின் படத்தையும் ஒலியையும் சோதிப்பதற்கு முதலாளியின் பிள்ளைகளுடைய ரீவி கேம் பெட்டியைத்தான் இணைப்போம். அந்தப் பிள்ளைகளில் மூத்தவன் கலத்தை ஓட்ட, இளையவள் அருகில் அமர்ந்து பட்டையை மட்டும் பார்த்து, “இப்ப எடு, இப்ப எடு” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஆடுவதற்கென்று செய்யப்பட்ட ஆட்டத்தை அவர்கள் இருவராகவே ஆடினார்கள். உங்கள் நானாவிடமும் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் அப்படி ஒரு துணை இருந்திருக்கலாம்.

ஒப்ஷன் என்பதைப் பற்றியும் கூறியாக வேண்டும். அது ஒளிரும் ஒரு சிறு உருண்டை. விண்கலத்தின் பின்னால் தொடர்ந்து வந்து, கலம் சுடும் ஆயுதத்தையே தானும் சுடும். எதிரியின் குண்டு அதனை ஒன்றும் செய்யாது. அது சும்மா பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதாகத் தோன்றினாலும், உண்மையில் கலம் சற்று முன்னர் இருந்த இடங்களை நினைவகத்தில் வரிசையாகப் பதிந்துவைத்து, அந்தப் பழைய இடங்களிலேயே உருண்டையை வரைகிறார்கள். அதனால்தான் நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும். நீங்கள் வளைந்தால், நீங்கள் வளைந்த அதே இடத்தில் அதுவும் வளையும். தேர்ந்தவர்கள் கலத்தை வேண்டுமென்றே மேலும் கீழும் அசைத்து நிறுத்தி, உருண்டைகளைத் தாம் விரும்பிய உயரத்தில் பரப்பி வைப்பார்கள். இவ்வளவு எளிய ஒரு கணக்கிலிருந்து இவ்வளவு நுட்பமான ஒரு கைத்திறன் பிறந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழுவின் மீது மதிப்புக் கூடுகிறது.

ஆனால் அதன் கொடுமையையும் மறைக்கக் கூடாது. ஒரு முறை அடிபட்டால் சேர்த்த ஆயுதம் அனைத்தும் போய்விடும். கலம் பழைய இடமொன்றுக்குத் தள்ளப்பட்டு, வெறுங்கையோடு மீண்டும் தொடங்கும். முழு ஆயுதத்தோடு கடக்கவே கடினமான இடத்தை ஒற்றைக் குண்டோடு கடக்க வேண்டிய அந்த நிலையில்தான் நம்மில் பலர் கொன்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போனோம். இது விளையாட்டின் குறை என்றே நான் கருதுகிறேன். உயிர் இழப்பதே தண்டனையாக இருக்கையில், அதற்கு மேல் ஆயுதத்தையும் பறிப்பது புதிதாகக் கற்பவரை விரட்டிவிடுகிறது.

கேள்வி (மூதூர் வாசகர்): எதிரிகள் அதிகமாக வரும்போது உருவங்கள் மின்னி மின்னி மறையும். எங்கள் பெட்டி பழுது என்று அப்போது நினைத்தோம். உண்மையில் பழுதுதானா?

பதில்: பழுது அல்ல. இதே முறைப்பாட்டோடு கடைக்கு வந்தவர்கள் பலர். அவர்களிடம் பணம் வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பெமிகொம் கருவி நகரும் உருவங்களை ஸ்பிரைட் எனப்படும் சிறு துண்டுகளால் ஆக்குகிறது. முழுத்திரையிலும் ஒரே நேரத்தில் 64 துண்டுகள் வரையும், ஒரு கிடைக்கோட்டில் 8 துண்டுகள் வரையும் மட்டுமே அதனால் காட்ட முடியும். பெரிய உருவம் ஒன்றுக்கே பல துண்டுகள் தேவைப்படுவதால், உங்கள் கலம், இரண்டு ஒப்ஷன்கள், குண்டுகள், ஐந்தாறு எதிரிகள் ஆகியவை ஒரே மட்டத்தில் வந்துவிட்டால் எட்டைத் தாண்டிவிடும். மீதித் துண்டுகள் திரையில் தோன்றா. எப்போதும் ஒரே எதிரி மறைந்திருந்தால் ஆடுபவர் காணாத குண்டில் அடிபட்டுச் சாவார் என்பதால், நிரலாளர்கள் வரிசையை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றி மாற்றி வைத்தார்கள். இம்முறை ஒன்று மறைந்தால் அடுத்த முறை வேறொன்று மறையும். அதுவே நீங்கள் கண்ட மின்னல்.

ஆர்கேட் இயந்திரத்தில் மோட்டொரோலாவின் 68000 என்ற வலுவான சிப் இருந்தது. வீட்டுக் கருவியில் இருந்ததோ செக்கனுக்கு ஏறத்தாழ 18 இலட்சம் துடிப்புகளோடு ஓடும் 8 பிற் சிப்பும் 2 கிலோபைட் நினைவகமும் மட்டுமே. கசற்றில் இருந்த மொத்த விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் நாம் அனுப்பும் ஒரு நிழற்படம் அதனைவிடப் பெரிது. ஆகவே நான்காக இருந்த ஒப்ஷன்களை இரண்டாகக் குறைத்தார்கள். திரையின் குறுக்கே நீண்டு பாய்ந்த லேசரைக் குறுந்துண்டுகளாக வெட்டினார்கள். எதனைக் குறைத்தாலும் ஆட்டத்தின் உயிர் போகாது என்று அறிந்து குறைத்த கை அது.

இவ்விடத்தில் வேறொரு செய்தியையும் சொல்ல ஆசைப்படுகிறேன். யப்பானில் முதலில் வந்த கிரேடியஸ் இயந்திரம் குமிழ் நினைவகம் என்ற முறையைப் பயன்படுத்தியது. நுண்ணிய காந்தப் புள்ளிகளாகத் தகவலைச் சேமிக்கும் அம்முறை குறிப்பிட்ட அளவு சூடு ஏறிய பின்னரே சரியாக இயங்கும். ஆகவே காலையில் கடையைத் திறந்து இயந்திரத்தை இயக்கியதும் ஆட்டம் உடனே தொடங்காது; அது சூடேறும்வரை திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருக்க, காத்திருப்போருக்காகவே இயற்றப்பட்ட மென்மையான இசை ஒன்று ஒலிக்கும். யப்பானியர் அதனைக் காலை இசை என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். பழைய வால்வு வானொலிப் பெட்டியில் குரல் வரும்வரை காத்திருந்த நம் பெரியவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் இனிமை தெரியும்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். அது இந்த விளையாட்டிலா?

பதில்: 30 உயிர் கிடைப்பது கொன்ட்ரா என்ற வேறொரு கொனாமி விளையாட்டில், அதன் வட அமெரிக்க வீட்டுப் பதிப்பு 1988இல் வந்தது. ஆனால் அந்தப் பொத்தான் வரிசையின் பிறப்பிடம் கிரேடியஸ்தான். பெமிகொமுக்காக கிரேடியஸைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்த ஹஷிமொட்டோ கஸுஹிசா என்ற நிரலாளர், ஆட்டத்தின் பிற்பகுதிகளைச் சோதிக்க வேண்டியிருந்தும் அவற்றைச் சென்றடையும் அளவுக்குத் தம்மால் ஆட முடியவில்லை என்பதால், தமக்கு எளிதில் நினைவில் நிற்கக்கூடிய இந்த வரிசையை நிரலுக்குள் வைத்தார். ஆட்டத்தை இடைநிறுத்தி இவ்வரிசையை அழுத்தினால் 30 உயிர் வராது; பெரும்பாலான ஆயுதங்கள் ஒரே நொடியில் வந்து சேரும். அது நீக்கப்படாமலே கசற்றில் வெளிவந்தது. பின்னர் கொனாமி தன் பல விளையாட்டுகளில் இதனை வேண்டுமென்றே சேர்த்தது. இன்று இது உலகெங்கும் கொனாமி கோட் என்றே அறியப்படுகிறது. பெமிகொமுக்கு அடுத்த கருவியான சூப்பர் பெமிகொமில் வந்த மூன்றாவது கிரேடியஸில் இதே வரிசையைப் பழைய நினைவில் அப்படியே அழுத்தியவரின் கலம் வெடித்துச் சிதறும். இடம், வலம் என்பவற்றுக்குத் திசைப் பொத்தானுக்குப் பதிலாகக் கொன்ரோலரின் தோளிலுள்ள பொத்தான்களை அழுத்தியவருக்கே ஆயுதம் கிடைக்கும்.

ஹஷிமொட்டோ 2020 பெப்ரவரியில் காலமானார். தம்பலகாமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு போல இதனைச் சொல்லித் திரிந்தார்கள் என்பதை அவர் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

கேள்வி (திருக்கடலூர் வாசகர்): நாங்கள் ஒரு நாளும் முடிவைப் பார்த்ததில்லை. மின்சாரம் நின்றுவிடும், அல்லது உயிர் முடிந்துவிடும். கடைசியில் என்னதான் இருக்கிறது?

பதில்: இந்தக் கசற்றில் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. மின்சாரம் நின்றால் தொடக்கத்திலிருந்துதான். நம் ஊரில் அக்காலத்து மின்தடைகளோடு ஏழு கட்டங்களையும் ஒரே மூச்சில் முடிப்பது பெரும் பேறாகவே இருந்திருக்கும்.

ஈஸ்டர் தீவின் மோவாய் எனப்படும் கற்சிலைகள் வாயிலிருந்து வளையங்களை உமிழும் கட்டத்தை மூன்றாவதாகக் கண்டிருப்பீர்கள். அவை வாயைத் திறக்கும்போது வாய்க்குள்ளேயே சுட வேண்டும். பின்னர் தலைகீழான எரிமலைகள், கை நீட்டும் உயிரினங்கள், உயிரணுக்கள் நிறைந்த கட்டம், கடைசியாக எதிரியின் கோட்டை. கோட்டையின் உள்ளே, அத்தனை துன்பத்துக்கும் பிறகு, மூளை போன்ற ஒன்று சுவரோடு பொருத்தப்பட்டு அசையாமல் இருக்கும். அது உங்களைத் தாக்காது, ஒரு குண்டுகூடச் சுடாது. அதனை அழித்ததும் ஆட்டம் இன்னும் கடினமாக முதற் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கும். இதனைக் கண்டு ஏமாந்தவர்கள் உண்டு. எனக்கோ அது மிகப் பொருத்தமான முடிவாகவே பட்டது. காவலர்கள் அனைவரையும் இழந்து தனித்து நிற்கும் அந்த உருவத்தைச் சுடுவதற்கு முன் என் கை ஒரு கணம் தயங்கியது உண்மை.

கேள்வி (நிலாவெளி மாணவி): என் அப்பா இதைப் பற்றி இவ்வளவு பேசுகிறார். இன்றைய விளையாட்டுகளில் இதன் தடம் ஏதாவது இருக்கிறதா? இப்போது எங்கே விளையாடலாம்?

பதில்: தடம் நிறையவே உண்டு. கொனாமியே 1986இல் சலமாண்டர் என்ற உறவு விளையாட்டை வெளியிட்டு, இருவர் சேர்ந்து ஆடவும், பக்கவாட்டாகவும் மேல்நோக்கியும் மாறி மாறிப் பறக்கவும் வழி செய்தது. 1987இல் ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப், கலத்தின் முன்னும் பின்னும் பொருத்தக்கூடிய, கழற்றி எறியக்கூடிய ஒரு துணைக்கருவியைக் கொண்டுவந்தது. ஒப்ஷன் என்ற எண்ணத்துக்கு வேறொரு கோணத்திலிருந்து வந்த சிறந்த மறுமொழியாகவே அதனைக் காண்கிறேன். 2004இல் பிளேஸ்ரேஷன் 2க்காக ட்ரெஷர் நிறுவனம் செய்த ஐந்தாவது கிரேடியஸில், ஒப்ஷன்களைத் தொடரவிடாமல் ஓரிடத்தில் நிறுத்தவும், வேண்டிய திசையில் திருப்பவும், கலத்தைச் சுற்றிச் சுழற்றவும் முடிந்தது; அடிபட்ட பின்னர் ஒப்ஷன்களை மீட்டெடுக்கவும் வழி இருந்தது. மேலே நான் குறை என்று சொன்னதை அவர்களும் உணர்ந்திருந்தார்கள் என்பதில் எனக்கு நிறைவு உண்டு.

ஆயினும் கிரேடியஸ் விட்டுச்சென்ற பெரிய சொத்து ஆயுதங்களல்ல. வலிமையைப் பரிசாகத் தராமல், அதனை எப்போது எதற்காகச் செலவிடுவது என்ற முடிவை ஆடுபவரின் கையில் வைத்ததே அது. இன்று புள்ளிகளைச் சேர்த்துத் திறமைகளை வாங்கும் எந்த விளையாட்டை நீங்கள் திறந்தாலும், அதே தடுமாற்றத்தைத்தான் சந்திப்பீர்கள்.

2025 ஓகஸ்டில் கிரேடியஸ் ஒரிஜின்ஸ் என்ற தொகுப்பு இன்றைய கருவிகளுக்கு வெளிவந்தது. முதற் கிரேடியஸின் ஆர்கேட் பதிப்புகளோடு புதிதாகச் செய்யப்பட்ட மூன்றாவது சலமாண்டரும் அதில் உண்டு. ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டித் தவறைத் திருத்தும் வசதியும் இருப்பதால், அப்பாவும் நீங்களும் சேர்ந்தே தொடங்கலாம்.

கேள்வி (சல்லி வாசகர்): பழைய பெட்டியும் கசற்றும் பரணிலிருந்து கிடைத்தன. போட்டால் திரை வெறுமையாக இருக்கிறது. கசற்றின் வாயில் ஊதிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: தயவுசெய்து இனி ஊத வேண்டாம். முன்னர் ஊதியபோது வேலை செய்ததற்குக் காரணம் பெரும்பாலும் காற்றல்ல; கசற்றைக் கழற்றி மீண்டும் செருகியதில் தொடுமுனைகள் புதிதாகப் பொருந்தியதுதான். மூச்சின் ஈரம் செம்பு முனைகளை அரிக்கும். சல்லி போன்று கடலோரத்தில் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று அந்த வேலையை ஏற்கனவே பாதி முடித்திருக்கும்.

கசற்றின் அடியில் வரிசையாக 60 முனைகள் தெரியும். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால், வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இருபுறமும் துடையுங்கள். சாண்ட் பேப்பர் பயன்படுத்தினால் முனையின் பூச்சு போய்விடும். முழுமையாகக் காய்ந்த பின்னரே செருக வேண்டும். பெட்டியின் உள்ளே இருக்கும் இணைப்பிலும், மின்சாரம் துண்டித்த நிலையில், சுத்தமான கசற்றை நான்கைந்து முறை செருகி எடுத்தால் படிவு உதிரும்.

அதன் பின்பும் திரை வெறுமையாக இருந்தால், அடப்டரின் வோல்ற்றளவும் முனைகளின் திசையும் பெட்டியில் குறித்திருப்பதோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்; வேறு அடப்டரை மாற்றிப் போட்டுப் பெட்டியை எரித்தவர்களே அதிகம். அடப்டரும் சரியாக இருந்தால், உள்ளே உள்ள கொண்டென்சர்கள் காய்ந்திருக்க இடமுண்டு. அவற்றை மாற்றுவது சிறிய செலவு. அன்ரெனா வயரைவிட, பெட்டியின் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் துவாரத்திலிருந்து ஏவி வயர் கொடுத்தால் இன்றைய ரீவிகளில் படம் தெளிவாக வரும். எரிமலை வரை சென்றதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.